திரும்பிப் போக ஓர் இடம்

லயத்து நாயை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. அது வந்து சேரும். அடைமழை நாளில் பீலிக்கரையில் ஒரு குட்டி நனைந்துகொண்டு நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒன்று அதைச் சட்டைக்குள் பொத்தித் தூக்கிவரும். அம்மா ஏசுவாள். இரவு அது அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடக்கும். விடிந்தபிறகு அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அத்தோடு நாய் லயத்துக்குச் சொந்தம். எந்தக் காம்பராவின் நாய் என்று வெளியாள் கேட்டால் பதில் தடுமாறும். சோறு ஒரு வீட்டில், படுக்கை இன்னொரு வீட்டு இஸ்தோப்பில், பகலில் கொழுந்து மலைக்குப் போகும் பெண்களின் பின்னால். பெயர்கூட வீட்டுக்கு வீடு மாறும். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்து லயங்களில் நான் பார்த்து வளர்ந்த நாய்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். அவற்றைத் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கொடுத்தவர் என்று ஒருவர் இருந்தால்தானே திருப்பிக் கொடுக்க.

பங்களா நாயின் கதை வேறு. அது கப்பலேறி வந்தது. 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை உண்டாக்கவென்று வந்த சாமுவேல் பேக்கர், ஆட்களோடும் கால்நடைகளோடும் உழவுக் கருவிகளோடும் ஒரு கூட்டம் வேட்டைநாய்களையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார். அவற்றை விட்டு நுவரெலியாக் காடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் மரை வேட்டையாடினார். 1850களில் அவர் எழுதிய இரண்டு நூல்களில் அந்த நாய்களின் வீரமும் சாவும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஸ்மட், கில்பக், பிரான் என்ற பெயர்கள் இன்றும் அச்சில் உள்ளன. அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளையை நோக்கி நடந்து, கோப்பித் தோட்டத்தைக் கண்ணால் காணுமுன்னரே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்த எங்கள் முன்னோர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் எழுதிய ஏடு கிடையாது. நாய்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவை செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆனால் மலையகத்தில் ஒரு சாதிநாயைப் பார்க்கும்போது எங்கள் ஆட்களின் கண்ணில் என்ன ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது வேண்டியிருக்கிறது.

துரை மலைக்கு வரும்போது நாயும் கூட வருமாம். கூடையோடு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் பெண்கள் துரையின் முகத்தைப் பார்க்குமுன் நாயின் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று என் அம்மாயி சொல்வாள். நாய் சாந்தமாக இருந்தால் அன்றைய நாள் சாந்தமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்த நாய்க்கு இறைச்சி வாங்கப் போகிறவரும், அதைக் குளிப்பாட்டுகிறவரும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் அது ஒருநாளும் எங்கள் நாய் ஆனதில்லை.

இதெல்லாம் தெரியாவிட்டால், கொழும்பில், புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றில் நிற்கும் ஒரு பொடியன் பல மாதம் சேர்த்த காசைக் கொடுத்து ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கியது வீண் ஆடம்பரமாகத்தான் தெரியும். தீபாவளி விடுமுறைக்கு வந்தவன், நுவரெலியாப் பக்கம் நாய் வளர்த்து விற்கும் ஒருவரைத் தேடிப்போய் அதை வாங்கி, பிஸ்கட் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தான். அவனுடைய அக்கா என்னிடம் படித்தவள். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், அம்மாவோடு இருக்கிறாள். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். குட்டி வந்த அன்று லயமே கூடிப் பார்த்ததாம். காது நிமிராத, கால் மட்டும் பெரிதாக இருந்த அதை ஒவ்வொருவரும் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார்கள். ராணி என்று பெயர் வைத்தது அம்மா.

பங்களா வாசலில் நின்ற நாய் எங்கள் இஸ்தோப்பிலும் நிற்கட்டும் என்பது அந்தப் பொடியனின் ஆசை. அவன் இப்படிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பெரிய போன், பெரிய பாட்டுப்பெட்டி வாங்குகிற ஆசையோடு இதைச் சேர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் ஆகுமுன்னரே அவள் என்னைக் கூப்பிட்டாள். "சேர், தம்பி அதைத் திருப்பிக் குடுத்துடச் சொல்றான். வித்தவரும் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. அம்மா வேணாங்கிறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் சரியாத்தான் தெரியுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடியதாக அது இல்லை. நேரில் போனேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் சாய்ப்பாக இறக்கிய குசினி. இந்த அளவுக்குள் ஒரு முழு வளர்ந்த அல்சேஷன். இரும்புச் சங்கிலியின் நீளம் இஸ்தோப்பின் தூண் தொடங்கி வாசற்படி வரை. சங்கிலி எட்டும் இடமெல்லாம் மண் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் குரைக்கிறது. லயத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் எது? பக்கத்துக் காம்பராவில் கைப்பிள்ளை. அதற்கு அடுத்ததில் இரவு வேலை முடிந்து இஸ்டோரிலிருந்து வந்து பகலில் தூங்குகிற மனிதர். முதல் முறை பருவத்துக்கு வந்தபோது நாலு மலையிலிருந்தும் கடுவன் நாய்கள் வந்து விடிய விடிய வாசலில் சண்டை. அன்றிலிருந்து அயலவர்களின் முகம் மாறிவிட்டது. யாரும் சத்தம்போட்டுச் சண்டைக்கு வரவில்லை. பீலிக்கரையில் அம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். லயத்தில் அதற்கு மேல் ஒரு தண்டனை இல்லை.

இந்த இனத்தை உருவாக்கியவர் மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற ஜேர்மன் குதிரைப்படை அதிகாரி. 1899இல் ஒரு மேய்ச்சல் நாயைப் பார்த்து வாங்கி, அதை முதல் நாயாகப் பதிந்து தொடங்கினார். பகல் முழுவதும் ஆட்டுமந்தையைச் சுற்றி ஓடி, பயிர்நிலத்துக்குள் ஆடு இறங்காமல் தடுப்பது அந்த நாயின் வேலை. வேலி இல்லாத இடத்தில் தானே வேலியாக நடக்கவென்று பிறப்பிக்கப்பட்ட உயிர் அது. தூணில் கட்டிப்போட்டால் அந்த ஓட்டம் முழுவதும் தொண்டைக்கு ஏறிக் குரைப்பாக வருகிறது. ராணி கெட்ட நாய் இல்லை. வேலை இல்லாத நாய்.

சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது. நாளாந்தச் சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. அடுத்த வருடமே நாடு விழுந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், முந்தைய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் கிட்டத்தட்ட 195 ரூபாய். 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அதுவும் நிறுத்த கிலோ சரியாக இருந்து முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால். அந்த அம்மா சோற்றில் கருவாட்டுத் தலையும் கோழிக் கழுத்தும் போட்டுப் பிசைந்து ராணிக்கு வைக்கிறாள். தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பதையும் நான் பார்த்தேன். தர்மர் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குப் போக மறுத்த கதையை இங்கே சொல்ல எனக்கு நா எழவில்லை. கைவிடாமை பெரிய அறம்தான். ஆனால் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து இறங்குகிற ஒருத்தியிடம், வசதியுள்ளவன் எழுந்து நின்று அந்த அறத்தைப் போதிப்பது நியாயமில்லை. திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் அதில் ஒரு குறையும் கண்டிருக்கமாட்டேன்.

புலி வேறு. சிறுத்தையைத்தான் எங்கள் பக்கம் புலி என்பார்கள். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைச் சுற்றிய தேயிலை மலைகளிலும், சிவனொளிபாத மலைக் காட்டின் ஓரத்திலும் அவை நடமாடுகின்றன. பகலில் காட்டுத் துண்டுகளிலும் கைவிட்ட தேயிலையிலும் படுத்திருந்து இரவில் லயத்து ஓரம் வரும். வந்தால் எளிதில் கிடைப்பது நாய். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்து லக்சபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் அது செத்துப்போனது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பி அது. சிறுத்தைக்கும் விடுதலை இல்லை, நாய்க்கும் இல்லை என்ற இந்த நெருக்கம், காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட நாளிலிருந்து வருவது. லயத்து நாய் புலியின் வாடையைக் கண்டால் வீட்டுக்குள் பாய்ந்து கட்டிலுக்கடியில் ஒடுங்கும். ராணியால் பாய முடியாது. சங்கிலி இருக்கிறது. காவலுக்கென்று வாங்கிய பெரிய நாய், இரவில் கட்டிவைத்த இரை. அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இரவில் அதை அவிழ்த்து உள்ளே விட்டு, தான் படுக்கும் பாயின் ஓரத்தில் படுக்கவைக்கிறாள். பாதிக் காம்பரா போய்விடுகிறது.

இத்தனையையும் பார்த்தபிறகு, திருப்பிக் கொடுப்பதே நல்லது என்ற எண்ணத்தோடுதான் நானும் அவளும் அந்த வளர்ப்பாளரைப் பார்க்கப் போனோம்.

அவரைப் பற்றிக் குறைவாக எதுவும் எழுத மாட்டேன். கூடுகள் சுத்தம். தரையில் சிமெந்து, மேலே தகரம், மழை அடிக்காமல் தார்ப்பாய். நாய்கள் மெலிந்திருக்கவில்லை. எங்களுக்குத் தேநீர் தந்தார். ராணியின் தாயைக் காட்டினார். மடி தொங்கிப்போன, கண்ணில் தூக்கம் மாறாத ஒரு நாய். அதன் கூட்டுக்குள் மறுபடியும் குட்டிகள். அவர் கேட்ட கேள்விகளை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ராணியின் எடை என்ன, எப்போது பருவத்துக்கு வந்தது, இரத்தப்போக்கு எத்தனை நாள், வேறு நாய் சேர்ந்ததா. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். காசு திருப்பித் தரமுடியாது, ஆனால் நாயை எடுத்துக்கொள்கிறேன் என்றார். "நல்ல தாய் நாயா வரும், தங்கச்சி. யோசிக்காமக் கொண்டுவாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. நானுஓயா தாண்டியபிறகு சொன்னாள்: "அதுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்கன்னு அவர் கேக்கவே இல்ல சேர்."

பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கர்ப்பம் 63 நாள். இந்த இனத்தில் ஓர் ஈற்றுக்கு எட்டுக் குட்டி வரை சாதாரணம். ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்துவிடுகிற இடத்தில் அந்த உயிருக்கு ஈனுவதும் பால் கொடுப்பதும் தவிர வேறு காலம் இல்லை. ராணிக்கு அங்கே சாப்பாடு கிடைக்கும், புலி வராது, சிமெந்துத் தரை இருக்கும். லயத்தில் இருப்பதைவிட வசதி. ஆனால் அவர் திருப்பி எடுக்கச் சம்மதித்தது ராணியை இல்லை, அதன் வயிற்றை. கடுவனாக இருந்திருந்தால் எடுத்திருப்பாரா என்று அவளிடம் கேட்டேன். தம்பி முதலில் போன் பண்ணியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, நாங்கள் வாங்கியது பெட்டையா கடுவனா என்பதுதானாம்.

இந்த இடத்தில் எனக்கு வேறொரு திருப்பி அனுப்புதல் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத் தயங்கினேன். மனிதரையும் நாயையும் ஒரே தராசில் வைக்கிறானே என்று யாரும் புண்படலாம். நான் வைக்கவில்லை. ஆனால் மலையகத்தில் பிறந்த ஒருவன், ஓர் உயிரை அது வந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்ற வாசகத்தைக் கேட்டுவிட்டு அந்தக் கோச்சியை நினைக்காமல் இருக்க முடியாது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த 9,75,000 பேரை இரண்டு நாடுகள் கணக்குப் பார்த்துப் பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக வகுத்துக்கொண்டார்கள். அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் ஆட்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். போனவர்களில் பலர் இங்கே பிறந்தவர்கள். அவர்களில் பலருடைய பெற்றோரும் இங்கேதான் பிறந்தவர்கள். பாட்டன் எந்த ஊரிலிருந்து புறப்பட்டான் என்பதைக் கொண்டு அவர்களுடைய ஊர் எதுவென்று தீர்மானிக்கப்பட்டது. அந்த ஊரில் அவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் திறந்து, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அவர்களை வேலைக்கு வைத்தது. திரும்பிப் போனவர்கள் திரும்பவும் கொழுந்துக் கூடைக்குள்தான் போனார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள்; இங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள் என்றிருந்தார்கள்.

அந்தக் கோச்சியில் நாய்க்கு இடமில்லை. எங்கள் லயத்திலிருந்து போன ஒரு குடும்பத்தின் நாய் ஸ்டேசன் வரை கூடவே நடந்துபோய், அவர்கள் போனபிறகு தனியாகத் திரும்பி வந்ததாக என் அம்மா சொல்வாள். அந்தக் காம்பராவுக்கு வேறு ஆள் வந்தார்கள். நாய் அதே இஸ்தோப்பில் படுத்திருந்தது. புதிதாக வந்தவர்கள் சோறு வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் வைத்தார்கள். இந்த நாயை என்ன செய்வது என்று யாரும் கூட்டம் போடவில்லை. ஒரு நாட்டின் பாராளுமன்றத்துக்குத் தெரியாத ஒரு விசயம் அந்த எட்டுக் காம்பரா லயத்துக்குத் தெரிந்திருந்தது. இருக்கும் இடத்தில் சோறு வைக்க ஆள் இருந்தால் அதுதான் ஊர்.

இதனால் திருப்பிக் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையும் இல்லை. நல்ல வளர்ப்பாளர்கள் சிலர், எந்த வயதில் என்ன காரணத்தால் நாயை வைத்திருக்க முடியாமல் போனாலும் முதலில் எங்களிடமே கொண்டுவாருங்கள் என்று விற்கும்போதே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் திருப்பிக் கொடுப்பது கைவிடுவது ஆகாது. அவர் அந்த நாய்க்கு வேறு வீடு தேடுவார், அல்லது தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். ஒருவரிடம் போன நாய் இன்னொருவரிடம் ஒட்டாது, ஏங்கியே செத்துவிடும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சில நாய்கள் அப்படி இருக்கலாம். ஆனால் ஹங்கேரியில், புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வேறு கதை சொல்கிறது. காப்பகத்தில் விடப்பட்ட வளர்ந்த நாய்களோடு ஓர் ஆள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை பழகினார். அவ்வளவிலேயே பல நாய்கள் அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டு, அவர் வெளியே போனால் கதவைப் பார்த்து நின்றன. நாயின் அன்பு மலிவானது என்று இதற்கு அர்த்தமில்லை. அது எவ்வளவு பசியோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கொஞ்சம் கவனிப்புக் கிடைக்கும் என்று தெரிந்தால் நாய் மறுபடியும் வாழத் தொடங்கும். ராணியை வளர்க்கும் அம்மா தன்னை வருத்திக்கொள்ளத் தேவையில்லை என்பதற்காக இதை அவளிடம் விளக்கமாகச் சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அது எங்க போனாலும் ஒட்டிக்கும்னா, அவுங்க வீட்ல ஒட்டிக்கிட்டு வருசத்துக்கு ரெண்டு தரம் பெத்துக்கிட்டே கெடக்குமா?" என்றாள். நான் படித்த ஆராய்ச்சிக்கு அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. புதிய ஆளை நேசிக்கும் ஆற்றல் நாய்க்கு உண்டு என்பது அதை யாரிடமும் கொடுக்கலாம் என்பதற்கான அனுமதி அல்ல. யாரிடம் கொடுத்தாலும் அது நம்பிவிடும் என்பதால், கொடுக்கிறவர் கூடுதலாக யோசிக்கவேண்டியிருக்கிறது.

என் முடிவைச் சொன்னேன். அவர் ராணிக்கு வீடு தேடுகிறவராக இருந்தால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், அதில் வெட்கமில்லை. தம்பியின் ஆசைக்கும் அதில் இழிவில்லை. லயத்துக்கு இந்த நாய் தகாது என்று அதற்குப் பொருளும் இல்லை. ஆனால் அவர் கேட்பது குட்டி ஈனும் ஒரு வயிறு. அதற்குக் கொடுக்க வேண்டாம். வைத்துக்கொள்வதென்றால் இப்போது வைத்திருப்பதுபோல வைத்துக்கொள்ளவும் முடியாது. சங்கிலி போகவேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. அக்கா அரச மிருக வைத்தியரைப் பார்த்துக் கருத்தடை அறுவைக்குத் திகதி வாங்கினாள். விசர்நாய்த் தடுப்பூசி இலவசம். லயத்தின் மற்ற நாய்களுக்கும் சேர்த்துப் போடவைத்தாள். 1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க் கடியால் 377 பேர் செத்தார்கள். ஊசிதான் அந்த எண்ணிக்கையைச் சில பத்துகளுக்குள் கொண்டுவந்தது. கைப்பிள்ளைக்காரிக்கு இருந்த பயத்தில் பாதி அந்த ஊசிச் சீட்டைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. இரவு வேலைக்காரர்தான் எதிர்பாராத உதவி. பகலில் அது குரைத்துத் தூக்கம் போகிறது என்று முறையிட்டவர் அவர். அதனால் அவரிடமே அக்கா கேட்டாள்: விடியற்காலையில் வேலை முடிந்து வரும்போது ராணியை மலை றோட்டில் ஒரு சுற்று நடத்திக்கொண்டு வரமுடியுமா? அவர் முதலில் முறைத்தார். இப்போது இஸ்டோரிலிருந்து வந்து, தண்ணீர் குடித்து, ராணியைக் கூட்டிக்கொண்டு மடுவம் வரை நடந்து வருகிறார். களைத்த நாய் குரைப்பதில்லை, அவர் தூங்குகிறார்.

பொடியனுக்குத்தான் இது சுலபத்தில் பிடிபடவில்லை. கருத்தடை செய்தால் குட்டி விற்கமுடியாதே என்றான். அவன் வாங்கியபோது நினைத்தது காவலை மட்டுமல்ல என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு ஈற்றில் போட்ட காசு வந்துவிடும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அவனைக் கோபிக்க முடியவில்லை. புடவைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிற ஒருவனுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! லயத்தில் எட்டுக் குட்டியை எங்கே வைப்பாய், எட்டு வாரம் வரை யார் பால் வாங்குவது, பெட்டைக் குட்டிகளை யாரிடம் விற்பாய், அவர்கள் திருப்பிக் கொண்டுவந்தால் எங்கே வைப்பாய் என்று அக்கா கேட்டாள். கடைசிக் கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். அடுத்த கிழமை அறுவைக்கான காசில் பாதியை அனுப்பினான்.

இலங்கையின் சட்டத்தில் இந்தச் சிக்கலுக்கு இடம் எதுவும் இல்லை. நாய் விற்பனையும் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்துக்குள்தான் வருகிறது. நாய் அங்கே ஒரு பொருள். விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதில் உள்ள உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய்; இன்றைக்கு ஓர் இறாத்தல் பாணுக்கும் போதாத காசு. அதை மாற்றவென்று 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலச் சட்டமூலம் பல அரசாங்கங்களைக் கண்டுவிட்டது. இந்தியாவில் 2017இன் நாய் வளர்ப்பு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. எட்டு வாரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்து, கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும் காலம் அது. ராணியை வாங்கியபோது அதற்கு ஆறு வாரம்தான் இருக்கும் என்று மிருக வைத்தியர் கணித்தார். அது கையைக் கவ்வும்போது வலிக்கக் கவ்வுகிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் பயந்ததற்கு ஒரு காரணம் அந்த இரண்டு வாரமாகவும் இருக்கலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க அந்தப் பெண் தயாராக இல்லை. வளர்ப்பாளருக்குத் தானே போன் பண்ணி, நாயைத் தரப்போவதில்லை என்று மரியாதையாகச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பிறகு அவள் அவரிடம் இரண்டு காரியம் கேட்டாள். லயத்திலிருந்து யாரும் குட்டி வாங்க வந்தால், அது இரவில் எங்கே படுக்கும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வைத்திருக்க முடியாமல் திருப்பிக் கொண்டுவந்தால், ஈனவைக்காமல் வேறு வீடு தேடித் தருவேன் என்று பற்றுச்சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அவர் சொன்னாராம். முதலாவதை இனிக் கேட்கிறேன் என்றார். இரண்டாவதற்கு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். சித்திரை வசந்த காலம் வருகிறது; கொழும்பிலிருந்து சனம் நுவரெலியாவுக்கு ஏறும், குட்டி அதிகம் விலைபோகும் மாதம். அதற்குள் அவரை மறுபடியும் கூப்பிட்டு அந்த ஒரு வரியை வாங்கிவிடுவதென்று அவள் உறுதியாக இருக்கிறாள்.